சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் கேஸ் ஃபயரைக் கழற்றிய கதை

லண்டனின் வடமேற்கில் ஹாரோ பக்கம் 1930களில் தெருத் தெருவாகக் கட்டிய இரட்டை வீடுகளில் ஒன்று எங்களுடையது. முன்னறைச் சுவரில் வால்பேப்பர் மேல் வால்பேப்பர், அதற்கும் மேல் பெயின்ட். எல்லாவற்றையும் உரித்துவிட்டு புதிதாகப் பூச வேண்டும் என்று முடிவு செய்தோம். உரிக்கத் தொடங்கினால் குறுக்கே நிற்பது புகைபோக்கிச் சுவரின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கேஸ் ஃபயர். அதைச் சுற்றி உரிக்கவும் முடியாது, பூசவும் முடியாது.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்காக: இந்த நாட்டுப் பழைய வீடுகளில் அறைக்கு அறை நிலக்கரி எரிக்கும் கணப்படுப்பு இருந்தது. 1952ல் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அப்புறம் வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை வீடு வீடாகப் போய், பழைய நிலக்கரி வாயுவில் எரிந்த அடுப்பையும் ஹீட்டரையும் புது வாயுவுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். நிலக்கரி எரிந்த பொந்துக்கு முன்னால் கேஸில் எரியும் ஹீட்டரை வைத்து, புகையைப் பழைய புகைபோக்கி வழியாகவே மேலே அனுப்பினார்கள். அதுதான் கேஸ் ஃபயர். எங்கள் வீட்டில் இருந்தது மரத்தோற்றப் பெட்டி, நான்கு வெள்ளைப் பீங்கான் தட்டுகள், மேலே ஒரு திருகு. பாய்லரில் சுடவைத்த நீரை அறைதோறும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்பும் சென்ட்ரல் ஹீட்டிங் இருப்பதால் நாங்கள் அதைக் கொளுத்தியதே இல்லை.

கொளுத்தாவிட்டாலும் அதன் பின்னால் வரும் குழாயில் கேஸ் இருக்கிறது. பார்க்கச் சிரமமான வேலையாகவும் தெரியாது. கணப்படுப்பின் முன்னால் தரையில் பதித்த ஹார்த் கல்லில் இருந்து விரல் தடிமன்கூட இல்லாத குரோம் குழாய் ஒன்று எழுந்து ஃபயருக்குள் போகும். ஒரு நட், எல்போ என்னும் வளைந்த இணைப்பு ஒன்று. ஸ்பானர் எடுத்தால் ஐந்து நிமிடம். குழாய், மின்சாரம், தச்சு எல்லாம் ஓரளவு வரும் என்பதால் எனக்கும் கை அரித்தது. நட்டைக் கழற்றத் தெரியும். கழற்றிய பின் மொத்த லைனும் கசியவில்லை என்று நிரூபிக்க என்னிடம் கருவியும் இல்லை, பயிற்சியும் இல்லை. அந்த ஒரு காரணம் போதும் என்று ஸ்பானரை உள்ளே வைத்துவிட்டேன்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, கேஸ் வேலையில் கை வைப்பவர் அதற்குத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். கூலிக்குச் செய்பவர் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிந்திருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1க்கு முன் இந்தப் பதிவேட்டுக்குக் கார்கி என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் "கார்கிக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். சொந்த வீடாயிற்றே, நானே செய்கிறேன் என்று வாதாடலாம். அப்போதும் தகுதியுள்ளவர் என்ற சொல் முன்னால் வந்து நிற்கும். வாடகை வீடு என்றால் பேச்சே இல்லை, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் சோதனை செய்வித்துச் சான்று தருவது அவர் கடமை.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நம் வீட்டில் இருப்பது எந்த வகை என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, போனில் கேட்பார்கள். சுவரை ஒட்டி நிற்கும் பீங்கான் தட்டு வகை எங்களுடையது. அதற்குப் பின்னால் ஒரு தகடு பொந்தை மூடியிருக்கும். பொந்துக்குள்ளேயே செருகிய, நிலக்கரி போலத் தெரியும் வகை ஒன்று உண்டு. வெறும் அழகுக்காக இரும்புக் கூடையில் எரியும் வகை இன்னொன்று. அது இருக்கும் அறையில் பெரும்பாலும் வெளிச்சுவரில் நிரந்தரமாகத் திறந்த காற்றுத் துளை ஒன்று இருக்கும். குளிர் வருகிறதென்று அந்தத் துளையைத் துணி வைத்து அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஃபயர் எரிகிற வீட்டில் அதைவிட ஆபத்தான சிக்கனம் கிடையாது.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது நான்காவது வகை. முன்னால் பார்த்தால் சாதாரண கேஸ் ஃபயர், அதற்குப் பின்னால் புகைபோக்கிப் பொந்துக்குள் ஒளிந்திருப்பது பாய்லர். பேக் பாய்லர் என்பார்கள். பாக்ஸி பெர்முடா என்ற மாடல் இதில் பேர்பெற்றது. வீட்டில் வேறெங்கும் பாய்லர் கண்ணில் படவில்லை, ஆனால் ரேடியேட்டர் சுடுகிறது, குழாயில் வெந்நீர் வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அந்த ஃபயரைக் கழற்றுவது அறை அலங்கார வேலை அல்ல, மொத்த வீட்டின் ஹீட்டிங்கையும் மாற்றும் வேலை. எங்கள் பாய்லர் சமையலறைச் சுவரில் இருந்ததால் அந்தக் கவலை இல்லை.

நண்பர் ஒருவர் மூலம் கிடைத்த எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். வாசலிலேயே கேஸ் சேஃப் அட்டையைக் காட்டினார். நம்மில் பலர் அட்டையின் முன்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுவோம். திருப்பிப் பார்க்க வேண்டும். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பாய்லர் இருக்கும், குக்கர் இருக்கும், கேஸ் ஃபயர் இல்லாமலும் இருக்கலாம். காலாவதித் தேதியையும் பாருங்கள். உரிம எண்ணை இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அட்டையைத் திருப்பியதும் அவர் சிரித்தார். "பாருங்கோ தம்பி, ஒருத்தரும் பின்னுக்குப் பார்க்கிறேல்லை."

ஃபயரைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். "இதைத் திரும்பப் பூட்டப் போறீங்களோ, இல்லாட்டி ஒரேயடியா எடுக்கிறதோ? அதைச் சொன்னால்தான் எங்கை வெட்டுறதெண்டு பார்க்கலாம்."

திரும்ப மாட்டத்தான் எண்ணம் என்றேன். தற்போதைக்குக் கழற்றி ஓரமாக வைத்து, பெயின்ட் காய்ந்ததும் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். திரும்ப வைப்பது எவ்வளவு வேலை என்று அவர் சொல்லச் சொல்ல அந்த எண்ணம் கரைந்தது. பொந்தை மூடும் தகட்டைச் சுற்றி வெப்பம் தாங்கும் டேப்பைப் புதிதாக ஒட்ட வேண்டும். அந்த டேப் புதுப் பெயின்ட் மேலோ வால்பேப்பர் மேலோ சரியாகப் பிடிக்காது. புகைபோக்கி சரியாக இழுக்கிறதா என்று புகை மாத்திரை வைத்துப் பார்க்க வேண்டும். ஃபயரைக் கொளுத்தி, எரிந்த வாயு அறைக்குள் திரும்புகிறதா என்று புகைத் தீக்குச்சியால் பார்க்க வேண்டும். மேலே ஒட்டப் போவது புடைப்புப் பூ வைத்த வினைல் வால்பேப்பர் என்றால் சூட்டில் நிறம் மாறும். இரண்டு தடவை கூலி, இரண்டு தடவை சோதனை, அதுவும் கொளுத்தாத ஒரு பொருளுக்கு. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே அந்த இடத்தில் நவராத்திரிக் கொலுப்படி எத்தனை நிற்கும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். சரி, ஒரேயடியாக எடுத்துவிடுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டேன்.

"எல்போவில் இருக்கிற ஸ்க்ரூவை மூடிவிட்டு விட்டால் போதாதா?" என்றும் கேட்டேன். யூடியூபில் அப்படித்தான் ஒருவர் செய்திருந்தார். ஃபயருக்குப் போகும் குழாயின் அடியில் ஒரு எல்போ இருக்கும். அதன் தலையில் உள்ள சின்ன மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே ஒரு ஸ்க்ரூ தெரியும், ஸ்க்ரூடிரைவரால் வலப்பக்கம் திருப்பினால் கேஸ் நிற்கும்.

"அது சேர்விஸ் செய்யேக்கை மூடுறதுக்கு. அதை நம்பி வாயைத் திறந்தபடி விட்டுட்டுப் போகேலாது. முனைக்கு மூடி போட வேணும், அது சட்டம்."

நியாயம்தான். அந்த ஸ்க்ரூவை யார் வேண்டுமானாலும் திருப்பலாம். சுவர் உரிக்க வந்தவர் இது என்ன என்று ஒரு திருகு திருகினால் போதும். உள்ளே இருக்கும் பழைய உலோகம் முழுதாக அடைக்கும் என்றும் சொல்ல முடியாது. அந்த எல்போவை மட்டும் மூடிவிட்டு ஃபயரைத் தூக்கி ஷெட்டில் போட்ட வீடுகள் நிறைய இருக்கும் என்பது என் ஊகம்.

வேலை மீட்டரில் தொடங்கியது, ஃபயரில் அல்ல. எங்கள் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அங்கே அடைத்து வைத்திருந்த அரிசி மூட்டையையும் சூட்கேஸ்களையும் முதல் நாளே வெளியே எடுத்திருந்தேன். மீட்டர் பக்கத்தில் இருக்கும் எமர்ஜென்சி வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பல வருடம் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கலாம். உங்கள் வீட்டில் இறுகியிருந்தால் சுத்தியல் எடுக்க வேண்டாம், கேஸ்காரரிடம் சொல்லுங்கள். வால்வு எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மீட்டரில் உள்ள சோதனை முனையில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை யு வடிவக் கண்ணாடிக் குழாயில் மாட்டினார். பாதி அளவுக்குத் தண்ணீர். இப்போது மின்னணுக் கருவியும் இருக்கிறது, ஆனால் அவருக்குத் தண்ணீர்தான் பிடிக்குமாம். கேஸ் அழுத்தினால் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும். வீட்டுக் குழாயைச் சோதிக்கும் அழுத்தம் 20 மில்லிபார், கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். அவ்வளவுதான். நம் ஊர் சிலிண்டர் ரெகுலேட்டரில் இருந்து அடுப்புக்கு வருவதே ஏறக்குறைய 30 மில்லிபார்.

முதலில் பாதி அழுத்தத்துக்கு, 10 மில்லிபார் வரை ஏற்றி வால்வை மூடினார். ஒரு நிமிடம் பார்த்தார். தண்ணீர் மேலும் ஏறினால் வால்வே முழுதாக மூடவில்லை என்று பொருள். பிறகு செய்யும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது. ஏறவில்லை. அடுத்து 20 மில்லிபார். குழாய்க்குள் வெப்பம் சமநிலைக்கு வர ஒரு நிமிடம் விட்டு, அப்புறம் இரண்டு நிமிடம் அசையாமல் பார்த்தார். நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீரின் வளைந்த விளிம்பு கோட்டின் மேல் அப்படியே நின்றது. வேலை தொடங்கும் முன்பே இதைச் செய்வதற்குக் காரணம், பழைய கசிவு ஏதாவது இருந்தால் அது பழையது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். பாய்லர், அடுப்பு போன்றவை இணைந்திருக்கும்போது, வாசனை இல்லாதவரை, மீட்டரைப் பொறுத்துச் சிறு இறக்கத்தை அனுமதிப்பார்கள். வெறும் குழாய் மட்டும் என்றால் துளியும் இறங்கக் கூடாது.

வால்வை மூடியபடியே விட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து முன்னறைக்கு வந்தோம். குரோம் குழாயின் நட்டை இரண்டு ஸ்பானர் வைத்துக் கழற்றினார். ஒன்று எல்போ திரும்பாமல் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. லேசாக வாசனை வந்து போனது. இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது, மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். இந்த மீத்தேன் லேசு, மேலே ஏறும். அதனால் ஜன்னலின் மேல்பகுதியைத் திறப்பது முக்கியம். தரைப் பலகைக்கு அடியில் கசிந்தால் மட்டும் அந்தக் குழிக்குள் தேங்கி நிற்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் சேர்ந்தால் ஒரு பொறி போதும் வெடிக்க.

ஃபயரை இருவராகத் தூக்கினோம், நல்ல கனம். பீங்கான் தட்டுகளை அவர் முன்பே கழற்றிச் செய்தித்தாளில் சுற்றியிருந்தார். பழையவை தொட்டால் நொறுங்கும். நிலக்கரி போலத் தெரியும் மெத்தென்ற இழைத் துண்டுகள் உள்ள வகையென்றால் அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, முகமூடி வேண்டும், பிளாஸ்டிக் பையில் கட்டி மூட வேண்டும். ஒரு தட்டின் விளிம்பில் கரி படிந்திருந்ததைக் காட்டினார். கேஸ் சரியாக எரிந்தால் கரி படியாது. எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையே கிடையாது, மெர்கேப்டனும் அங்கே உதவாது, அலாரம் மட்டும்தான் துணை.

பின்னால் பொந்தை மூடிய தகடு. அதில் ஃபயரின் புகைக்குழாய் நுழையும் துளை ஒன்று, அதற்குக் கீழே இன்னொரு திறப்பு. கீழே இருப்பது அறைக் காற்றைப் புகைபோக்கிக்குள் விட்டு இழுவையைச் சமன்படுத்துவதற்காக வேண்டுமென்றே வைத்தது. குளிர்காற்று வருகிறதென்று நினைத்து அதை டேப் போட்டு ஒட்டிவிடுபவர்கள் உண்டு. டேப்பைக் கத்தியால் கீறித் தகட்டை எடுத்ததும் சாம்பல் நிறத் தூசியோடு சுண்ணாம்புக் காரை, செங்கல் துண்டு, பறவைக் கூட்டின் குச்சிகள் எல்லாம் ஹார்த் மேல் சரிந்தன. புகைபோக்கியில் இருந்து விழுவதைப் பிடிக்கத்தான் அந்தப் பொந்தின் அடியில் இடம் விட்டிருப்பார்கள். அது நிறைந்தால் குவியல் ஏறி ஏறிப் புகை போகும் வழியையே அடைத்துவிடும். எங்களுடையதில் துளைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் வந்திருந்தது.

"இதோடை ஒருநாளும் கொளுத்தேல்லையோ?" என்றார். இல்லை என்றேன். "நல்லது" என்று மட்டும் சொன்னார்.

ஃபயரின் கதை முடிந்தது, குழாயின் கதை மிச்சம். ஹார்த் கல்லோடு வெட்டி மூடி போடலாம். ஆனால் கல்லையும் பின்னால் எடுப்போம், அப்போது சுத்தியலும் உளியும் அந்தக் குழாய்ப் பக்கம் வரும். சுவருக்குள்ளோ கல்லுக்குள்ளோ யாருக்கும் தெரியாமல் கேஸ் நிரம்பிய குழாய்த் துண்டு ஒன்று கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவருக்கும்தான். நாளைக்குப் படம் மாட்ட ட்ரில் போடுபவருக்கு அது தெரியாது. ஆகவே தரைப்பலகை இரண்டை எடுத்து, குழாய் எங்கே பிரிகிறது என்று தேடினோம். சமையலறை பாய்லருக்குப் போகும் 22 மி.மீ. செம்புக் குழாயில் இருந்து 15 மி.மீ. கிளை ஒன்று ஹார்த் பக்கம் வந்தது. பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் வெட்டி மூடுவதாக முடிவு.

வெட்டுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம் எனக்குத் தெரியாதது. கார் பேட்டரிக்குப் போடும் ஜம்ப் கேபிள் போலிருந்த தடித்த ஒயரின் இரண்டு கவ்வியையும், வெட்டப்போகும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனக் குழாயில் மாட்டினார். உலோகக் கேஸ் குழாயை வீட்டின் எர்த்தோடு பச்சை மஞ்சள் ஒயரால் இணைத்திருப்பார்கள், மீட்டருக்குப் பக்கத்தில் பார்க்கலாம். வீட்டு மின்சாரத்தில் எங்காவது கோளாறு இருந்தால் அந்தக் குழாய் வழியாகவும் மின்னோட்டம் போகக்கூடும். குழாயை இரண்டாக வெட்டும் அந்தக் கணத்தில் வெட்டுவாயில் பொறி பறக்கலாம், வெட்டுபவருக்கு ஷாக் அடிக்கலாம். ஒயர் இருந்தால் மின்சாரம் அதன் வழியே போய்விடும். வீட்டில் நானாக வெட்டியிருந்தால் இந்த ஒயரைப் பற்றி எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

குழாய் வெட்டும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இறுக்க, கிளை தனியாக வந்தது. தரைக்கு அடியில் போடும் மூடிக்குத் திருகிப் பூட்டும் வகை கூடாது. பலகை போட்டு மூடிவிட்டால் அதை யாரும் பார்க்கவோ இறுக்கவோ முடியாது. அதனால் சால்டர் வைத்து ஒட்டும் செம்பு மூடி. குழாயில் மிச்சமிருந்த கேஸை வெளியேற்றி, கருவி வைத்துச் சரிபார்த்த பிறகே தீ வந்தது. பின்னால் இருந்த மர உத்தரம் கருகாமல் இருக்க வெப்பம் தாங்கும் துணியை நுழைத்துக்கொண்டார். குழாய் முனையைப் பளபளவென்று தேய்த்து, பசை தடவி, மூடியைச் செருகிச் சூடாக்க, சால்டர் கம்பி விளிம்பைத் தொட்டதும் உருகி வெள்ளி வளையமாக ஓடிச் சூழ்ந்தது. ஆறும் வரை யாரும் தொடவில்லை. ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் கவ்வி ஒயரைக் கழற்றினார்.

மறுபடி மீட்டர், மறுபடி தண்ணீர்க் குழாய், அதே சோதனை முதலில் இருந்து. கோடு அசையவில்லை. வால்வைத் திறந்து புது மூட்டில் கசிவு பார்க்கும் நுரைத் திரவம் தெளித்தார், ஒரு குமிழியும் வரவில்லை. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றி, அடுப்பில் நிலையான நீலச் சுடர் வரும் வரை எரியவிட்டு, பாய்லரையும் ஓடவிட்டுப் பார்த்தார். எங்கே வெட்டி மூடினார் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திறந்த தரையை மூடுவதற்கு முன், பக்கத்தில் அளவு நாடா வைத்துப் படமும் எடுத்துக்கொண்டேன். வீட்டுப் பத்திரத்தோடு இரண்டும் இருக்கிறது. கூலி நூறு பவுண்டை ஒட்டி வந்தது. கோடையில் கூப்பிட்டதால் உடனே நேரம் கிடைத்தது. அக்டோபரில் பாய்லர் பழுதுகள் வரிசை கட்டும்போது கூப்பிட்டால் இந்த மாதிரி வேலைக்கு வரமாட்டார்கள்.

ஃபயரைக் கழற்றாமலே அதைச் சுற்றிப் பெயின்ட் அடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் தூசி, ஃபயரைப் பற்றவைக்கும் சிறு சுடரான பைலட் காற்றை இழுக்கும் நுண்துளையில் போய் அடைத்துக்கொள்ளும். சுடர் மஞ்சளாகும், அல்லது பாதுகாப்பு அமைப்பு வேலை செய்து அணைந்துபோகும். கழற்ற மனமில்லையென்றால் ஃபயரை அணைத்து, குளிர்ந்த பின் நன்றாக மூடிக் கட்டி வையுங்கள். வேலை முடிந்ததும் சர்வீஸ் செய்யாமல் கொளுத்த வேண்டாம். இடையில் எப்போது கேஸ் வாசனை வந்தாலும் மீட்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே போய் 0800 111 999க்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.

இனி உரிக்கலாம் என்று நினைத்தால், எஞ்சினியர் போகும்போது காட்டிவிட்டுப் போன பலகை ஒன்று நிறுத்தியது. தகடு ஒட்டியிருந்தது செங்கலில் அல்ல, பொந்தின் அகலத்தைக் குறைக்கப் பழைய ஆள் யாரோ வைத்த சாம்பல் நிறப் பலகையில். ஓரம் நார்நாராக இருந்தது. "உதை உடைச்சுப் போடாதேங்கோ, அஸ்பெஸ்டஸா இருக்கலாம்." பிரிட்டனில் நீலம், பழுப்பு வகை அஸ்பெஸ்டஸை 1985லும் வெள்ளையை 1999லும் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய வீட்டில் கணப்படுப்புப் பலகை, கயிறு, அலங்காரக் கூரைப்பூச்சு எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பினோம். முடிவு வரும் வரை அறைக் கதவைச் சாத்தி வைத்தோம். கேஸ் வேலை ஒரு பகலில் முடிந்தது. இந்தக் காத்திருப்புதான் நீண்டது. கடைசியில் சாதாரண சிமென்ட் பலகை என்று வந்தது.

வால்பேப்பரை நீராவி இயந்திரத்தால் உரித்தோம், உலர்ந்து தேய்க்கவில்லை. 1960களுக்கு முந்தைய மரச் சட்டங்களில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்பு அதிகம், அதன் தூசி குழந்தைகளுக்குக் கெடுதல். ஜன்னல் சட்டத்தையும், சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையையும் ஈரத்தோடேயே தேய்த்தோம்.

பொந்தை அடைக்கும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. ஃபயர் இல்லாத புகைபோக்கியைக் கீழே முழுதாக அடைத்தால் உள்ளே ஈரம் தங்கும். நிலக்கரி எரித்த செங்கலில் உப்புகள் ஊறியிருக்கும். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பூச்சையும் தாண்டிப் பழுப்புத் திட்டாகச் சுவரில் வெளிவரும். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்தாலும் திரும்பத் திரும்ப வரும். அதனால் சட்டம் அடித்து ஜிப்சம் போர்டால் மூடி, கீழ்ப்பக்கம் காற்றுப் போகும் கிரில் ஒன்று வைத்தோம். கிரிலை வாங்கும்போது மூட முடிகிற வகை வேண்டாம். குளிர்காலத்தில் யாராவது கட்டாயம் மூடிவிடுவார்கள்.

கீழே காற்று நுழைந்தால் மேலே வெளியேற வேண்டும், மழை மட்டும் உள்ளே வரக் கூடாது. அதற்குக் கூரை மேல் புகைபோக்கியின் உச்சியில் குழாய் போல நிற்கும் பானையில் காற்றோட்டமுள்ள தொப்பி ஒன்று மாட்ட வேண்டும். அது இன்னும் பாக்கி. இரட்டை வீடு என்பதால் புகைபோக்கித் தூண் எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் பொது, உச்சியில் பானைகள் வரிசையாக நிற்கின்றன. பாட்டி வீட்டுக் கேஸ் ஃபயர் குளிர்காலம் முழுக்க எரிகிறது. கூரை வேலைக்கு விலை கேட்டபோது வந்த ஒருவர், தெருவில் நின்றபடியே "இடதுபக்கப் பானைதானே உங்களுடையது, மூடிவிடலாம்" என்றார். தவறான பானையை மூடினால் பாட்டி வீட்டுப் புகை அவர் அறைக்கே திரும்பும். அந்தக் கூரைக்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எங்கள் பொந்துக்குள் புகை விட்டு, எந்தப் பானையில் இருந்து வருகிறது என்று மேலே ஏறிப் பார்த்த பிறகே தொப்பி மாட்டுவேன் என்று சொன்ன இன்னொருவருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். சாரம் கட்டத் தேதி வந்ததும் பாட்டியிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவர் ஃபயரைக் கொளுத்தக் கூடாது.